எடுத்து வளர்க்கிறவர்கள் படிக்க வேண்டிய பயிற்சிக்கு யார் காசு கட்டுவது?

மட்டக்களப்பு, களுவாஞ்சிகுடிப் பக்கமிருந்து ஒரு தங்கச்சி கேட்ட கேள்வி இது. அவருடைய அக்கா காலமான பிறகு அக்காவின் இரண்டு பிள்ளைகளையும், ஒன்பது வயது மகன், நான்கு வயது மகள், நீதிமன்ற உத்தரவோடு இவரும் கணவரும் பொறுப்பெடுத்து வளர்க்கிறார்கள். வீடு பார்க்க வந்தவர்கள், முதலுதவியும் வீட்டுப் பாதுகாப்பும் பற்றி ஒரு பயிற்சி எடுத்துச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். டவுனில் ஒரு தனியார் நிலையத்தில் விசாரித்தால் தலைக்கு 7,500 ரூபாய். கணவருக்கு மேசன் வேலை. டொரன்டோவில் இருக்கிற மச்சாள், இங்கே எல்லாம் அரசாங்கமே தருகிறது, நீங்கள் ஏன் கட்டுகிறீர்கள் என்று போனில் சத்தம் போட்டிருக்கிறார். கட்டவா, வேண்டாமா, அரசாங்கத்திடம் கேட்க வழி இருக்கிறதா என்று கேட்கிறார்.

தங்கச்சி, கட்டாதீர்கள். குறைந்தது இந்தப் பதிலைப் படித்து முடிக்கும் வரைக்குமாவது கட்டாதீர்கள்.

நான் சுனாமிக்குப் பிறகு இந்தப் பிள்ளைகள் விசயத்தில் அலையத் தொடங்கியவள். கல்லடி, நாவலடி, அந்தப் பக்கம் மருதமுனை, கல்முனை என்று கரையோரம் முழுக்க. நீங்கள் கேட்ட கேள்வியை அப்போதிருந்து எத்தனையோ அம்மம்மாமாரும் சின்னம்மாமாரும் கேட்டு, சரியான பதில் கிடைக்காமல் பேசாமல் இருந்துவிட்டார்கள். நீங்கள் எழுதியே கேட்டீர்கள், அதனால்தான் நீட்டி எழுதுகிறேன்.

முதலில், 'எடுத்தே ஆக வேண்டும்' என்று யார் சொன்னார்? நீதிமன்ற உத்தரவில் அப்படி ஒரு நிபந்தனை எழுதியிருக்கிறதா, நீதிமன்றத்தோடு வேலை செய்கிற நன்னடத்தை (புரொபேஷன்) உத்தியோகத்தர் சொன்னாரா, கூட வந்த தொண்டு நிறுவனப் பிள்ளை சொன்னதா? மூன்றும் ஒன்றல்ல. உத்தரவில் இருந்தால் அது கட்டாயம். உத்தியோகத்தர் சொன்னால் அது பெரும்பாலும் நல்லெண்ண ஆலோசனை, அல்லது ஏதாவது சுற்றறிக்கையை மனதில் வைத்துச் சொன்னது, அப்படியானால் சுற்றறிக்கையைக் காட்டச் சொல்லலாம். நிறுவனம் சொன்னால் அது அவர்களுடைய திட்டத்தின் தேவை, அதற்கு அவர்கள்தான் செலவழிக்க வேண்டும். உங்கள் உத்தரவின் பிரதியை எடுத்து ஒருதரம் வாசியுங்கள். சிங்களத்தில் இருந்தால் தமிழில் விளங்கப்படுத்தக் கேளுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தால், இதுவரை பெரும்பாலும் 1939ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சிறுவர்கள், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டுதான் இந்த வேலை நடந்திருக்கிறது. பாதுகாப்புத் தேவைப்படுகிற பிள்ளையை உறவினரிடமோ வேறு 'தகுதியான ஆள்' ஒருவரிடமோ ஒப்படைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் கொடுக்கிற சட்டம் அதுதான். வெள்ளைக்காரன் காலத்தில் இங்கிலாந்துச் சட்டத்தைப் பார்த்து எழுதியது. தகுதியான ஆள் என்றால் நல்ல குணம், நல்ல வீடு என்கிற அளவில்தான் அன்றைக்கு யோசித்தார்கள். அந்த ஆள் என்ன படித்திருக்க வேண்டும், படிப்பதற்கு யார் செலவழிப்பது என்ற பேச்சு அதில் இல்லை.

1941இல் வந்த மகவேற்புக் கட்டளைச் சட்டம் வேறு கதை, அது பிள்ளையைச் சட்டப்படி சொந்தமாக்கிக்கொள்கிறவர்களுக்கு. இரண்டையும் குழப்பிக்கொண்டு வருகிற ஆட்கள் அதிகம்.

'வளர்ப்புப் பெற்றோர்' என்ற சொல்லே நம் பக்கத்தில் பெரிதாகக் காதில் விழுந்தது சுனாமிக்குப் பிறகுதான். 2005ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சுனாமி விசேட ஏற்பாடுகள் சட்டம், தாய் தகப்பனை இழந்த பிள்ளைகளைப் பொறுப்பெடுக்கிறவர்கள் பற்றித் தனியாகப் பேசியது, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கு அதில் பெரிய பங்கு கொடுத்தது. அது சுனாமிப் பிள்ளைகளுக்கு மட்டும். அந்த நேரம் பயிற்சிக்குக் குறைவில்லை, நான் பார்த்த வரைக்கும் வாரத்துக்கு இரண்டு. மண்டபம், சோற்றுப் பார்சல், பை, குடை, போட்டோ. காசு வெளிநாட்டிலிருந்து வந்தது, வந்தவர்கள் மூட்டை கட்டியதும் அதுவும் போனது. 'பயிற்சி எடுக்க வேண்டும்' என்ற எதிர்பார்ப்பு மட்டும் இங்கேயே தங்கிவிட்டது. உங்கள் 7,500 ரூபாய்ப் பிரச்சினையின் வேர் அங்கேதான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

2019இல் அமைச்சரவை அங்கீகாரம் பெற்ற மாற்றுப் பராமரிப்புத் தேசியக் கொள்கை ஒன்று இருக்கிறது. பிள்ளையைச் சிறுவர் இல்லத்தில் போடுவது கடைசி வழி, முடிந்தவரை குடும்பத்துக்குள்ளேயே, உறவுக்குள்ளேயே வளரட்டும் என்பது அதன் சாரம். 2009இல் ஐக்கிய நாடுகள் சபை வெளியிட்ட வழிகாட்டல்களும் இதையேதான் சொல்கின்றன. நல்ல கொள்கை. ஆனால் கொள்கை சட்டமல்ல, வரவுசெலவு ஒதுக்கீடும் அல்ல.

இதில் ஒரு வேடிக்கை. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் தாயில்லாப் பிள்ளை தாய்வழி வீட்டுக்குப் போவது கொள்கை வருவதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முந்திய வழக்கம். குடிவழி தாய்வழியாக வருகிற ஊர், வீடும் வளவும் பெண்பிள்ளைக்குப் போகிற ஊர், அக்கா இல்லையென்றால் தங்கச்சி வீடுதானே பிள்ளைக்கு வீடு. காத்தான்குடியிலும் அக்கரைப்பற்றிலும் முஸ்லிம் குடும்பங்களிலும் இந்த வழக்கம் உண்டு, அங்கே எத்தீம் பிள்ளையை, அதாவது அநாதைப் பிள்ளையை, பார்ப்பது மார்க்கக் கடமையும்கூட. ஆக, அரசாங்கம் சொல்கிற 'குடும்பம் சார்ந்த பராமரிப்பு' என்கிற வேலையை நீங்கள் ஏற்கெனவே அரசாங்கத்துக்காகச் சும்மா செய்துகொண்டிருக்கிறீர்கள். அந்தப் பிள்ளைகள் இரண்டும் இல்லத்தில் இருந்தால் ஆகிற செலவை நினைத்துப் பாருங்கள். பயிற்சிக்குக் காசு கேட்கும்போது கையேந்துவது போல உங்களுக்குத் தோன்றக் கூடாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

சரி, மச்சாள் சொன்ன கதைக்கு வருவோம்.

அவர் சொன்னது பொய்யில்லை. ஒன்டாரியோவில் வளர்ப்புப் பெற்றோராகப் போகிறவர்கள் பிரைட் என்கிற 27 மணித்தியால முன்பயிற்சி எடுக்க வேண்டும், கூடவே வீட்டையும் குடும்பத்தையும் ஆராய்கிற ஒரு மதிப்பீடு. நடத்துவது அந்தந்தப் பகுதியின் சிறுவர் உதவிச் சங்கம், அந்தச் சங்கங்களுக்குக் காசு மாகாண அரசிடமிருந்து. பயிற்சிக்கு வருகிறவர் கட்டணம் கட்டுவதில்லை. இங்கிலாந்தில் வேறு ஒழுங்கு: வளர்ப்புப் பெற்றோராக ஏற்றுக்கொள்ளப்பட்ட பிறகு ஒரு வருடத்துக்குள் குறித்த பயிற்சித் தரங்களை முடித்துக் காட்ட வேண்டும், உறவுப் பிள்ளையைப் பார்க்கிறவர்களுக்கு மட்டும் 18 மாதம். முடிக்க வைக்கிற பொறுப்பு அவர்களை நியமித்த சேவையின் தலையில். உறவினருக்குக் கூடுதல் காலம் என்பதைக் கவனியுங்கள். திடீரென்று ஒரு சாவு வீட்டிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தவளுக்கும், இரண்டு வருடம் யோசித்து விண்ணப்பித்தவளுக்கும் ஒரே கெடு வைக்க முடியாது என்று யாரோ யோசித்திருக்கிறார்கள்.

இணையத்தில் தேடினால் முதலில் வந்து விழுவது அமெரிக்கக் கதைதான். அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். காசு எந்த வாய்க்காலால் எந்த வயலுக்குப் பாய்கிறது என்பதை அவர்கள் ஒவ்வொரு வரம்பாக எழுதி வைத்திருக்கிறார்கள், நாம் என்ன கேட்க வேண்டும் என்பது அதிலிருந்து விளங்கும்.

அங்கே 1980இல் வந்த ஒரு சட்டம், சமூகப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் ஒரு புதிய பகுதியைச் சேர்த்தது, ஃபோர்-ஈ என்றே அங்கே எல்லாரும் சொல்வார்கள். வளர்ப்புப் பராமரிப்புக்கு மாநிலம் செலவழிக்கிற காசில் ஒரு பங்கை மத்திய அரசு திருப்பிக் கொடுக்கும். சாதாரண நிர்வாகச் செலவென்றால் 50 வீதம். வளர்ப்புப் பெற்றோருக்கான குறுகிய காலப் பயிற்சி என்றால் 75 வீதம். 1999இல் இன்னொரு சட்டம் வந்து, பிள்ளையை ஒப்படைப்பதற்கு முன்பே வளர்ப்புப் பெற்றோரைத் தேவையான அறிவோடும் திறமையோடும் தயார்படுத்த வேண்டும், பிறகும் தேவைப்பட்டால் தொடர வேண்டும் என்று மாநிலங்களுக்குக் கடமையாக்கியது. எத்தனை மணித்தியாலம், என்ன பாடம் என்பதை மாநிலமே முடிவு செய்யும், அதனால் ஒரு மாநிலத்தில் முதலுதவிச் சான்றிதழ் இல்லாமல் உரிமம் கிடைக்காது, இன்னொன்றில் வேறு மாதிரி. 2014இல் மேலும் ஒன்று சேர்ந்தது: பிள்ளை சுற்றுலா போகலாமா, நண்பன் வீட்டில் படுக்கலாமா, விளையாட்டில் சேரலாமா என்பதை ஒவ்வொன்றுக்கும் அலுவலகத்தைக் கேட்காமல், புத்தியுள்ள ஒரு தாய் தகப்பன் போல வளர்க்கிறவரே தீர்மானிக்கலாம், அதற்கான பயிற்சியும் கொடுக்க வேண்டும் என்று.

இதைப் படித்துவிட்டு 'அமெரிக்காவில் முக்கால்வாசி மத்திய அரசு கொடுக்கிறது' என்று சொல்லிவிடாதீர்கள். கணக்கு அப்படி முடிவதில்லை. அந்த 75 வீதம், தகுதி பெற்ற பிள்ளைகளின் பங்குக்கு மட்டும். ஒரு மாநிலம் பயிற்சிக்கு 100 டொலர் செலவழித்தது, அங்கே பராமரிப்பில் இருக்கிற பிள்ளைகளில் பாதிப் பேர்தான் ஃபோர்-ஈ தகுதி உள்ளவர்கள் என்று வையுங்கள். அப்போது 50 டொலர்தான் கணக்கில் சேரும், அதில் 75 வீதம் என்றால் 37 டொலர் 50 சதம். மிச்சம் 62 டொலர் 50 சதம் மாநிலத்தின் தலையில். அந்தத் தகுதியைப் பார்ப்பது எப்படியென்றால், பிள்ளை பிரிக்கப்பட்ட வீட்டின் வருமானத்தை 1996 ஜூலை 16ஆம் திகதி இருந்த பழைய நலத்திட்டத்தின் அளவுகோலில் வைத்து. விலைவாசி ஏற ஏற அந்தக் கோடு ஏறுவதில்லை, அதனால் வருடத்துக்கு வருடம் தகுதிக்குள் வருகிற பிள்ளைகள் குறைகிறார்கள். பணக்கார நாட்டிலும் கணக்குப்பிள்ளை கணக்குப்பிள்ளைதான்.

ஆனால் இந்த இழுபறி முழுக்க மாநிலத்துக்கும் மத்திக்கும் நடுவில். அதை வளர்ப்புத் தாயிடம் கொண்டுவந்து கொட்டக் கூடாது என்பதுதான் அந்த ஏற்பாட்டின் எண்ணம். எனக்குப் பிடித்தது அதில் உள்ள இரண்டு சின்ன விசயம். ஒன்று, பயிற்சிக்குப் போய்வருகிற பயணச் செலவும் சாப்பாட்டுச் செலவும்கூடப் பயிற்சிச் செலவாகவே கணக்கில் சேரலாம். மற்றது, வளர்ப்புத் தாய் பயிற்சியில் இருக்கிற நேரத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்தால், அந்தச் செலவையும் பிள்ளையின் பராமரிப்புச் செலவாக ஏற்றுக்கொள்ள இடம் உண்டு. வகுப்புக் கட்டணம் மட்டும் செலவல்ல என்பது யாருக்கோ விளங்கியிருக்கிறது.

இந்தியாவையும் ஒரு வரியில் சொல்லி விடுகிறேன், அங்கேயிருந்து தமிழில் வருகிற செய்திகளைப் பார்த்து இங்கே ஆட்கள் குழம்புகிறார்கள். 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தில் வளர்ப்புப் பராமரிப்புக்கு இடம் உண்டு, மிஷன் வாத்சல்யா திட்டத்தில் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் என்று இருக்கிறது. அது இந்திய ரூபாய், இந்தியப் பிள்ளைக்கு.

இப்போது நம் ஊர். சிறுவர் பராமரிப்பு 1987இன் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தோடு மாகாணத்துக்குப் போன விசயம். கொழும்பில் ஒரு நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களம் இருக்கிறது, கிழக்கு மாகாணத்துக்கென்று தனியாக ஒன்று இருக்கிறது, உங்கள் நன்னடத்தை உத்தியோகத்தர் மாகாணத்தின் ஆள். பிரதேச செயலகத்தில் இருக்கிற சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் மத்தியின் பக்கம். அதே செயலகத்தில் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் ஆளும் இருப்பார். மட்டக்களப்பு மாவட்டத்தில் 14 பிரதேச செயலகம், அம்பாறையில் 20, பெரும்பாலான இடத்தில் இந்த மூன்று கதவையும் தட்டலாம். ஒரு கதவில் 'எங்களிடம் ஒதுக்கீடு இல்லை' என்றால் மற்றக் கதவிலும் இல்லை என்று அர்த்தமில்லை, மூன்றின் காசும் வெவ்வேறு பையிலிருந்து வருகிறது. மாகாணத்தின் பை நிதி ஆணைக்குழுவின் சிபாரிசோடு மத்தியிலிருந்து வருகிற காசைத்தான் பெரிதும் நம்பியிருக்கிறது. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்த பிறகு வருடக்கணக்காக ஆளுநர் நிர்வாகம்தான், 'எங்கள் ஊரில் வளர்க்கிறவர்களுக்குப் பயிற்சிக்குக் கொஞ்சம் காசு ஒதுக்குங்கள்' என்று சபையில் எழும்பிக் கேட்க ஓர் உறுப்பினர் இல்லாமல் போனதன் விலையும் இதில் இருக்கிறது.

இடையில் ஒரு எச்சரிக்கை. 'வளர்ப்புப் பெற்றோர் திட்டத்தில் காசு இருக்கு' என்று யாராவது சொன்னால் அது செவன சரணவாக இருக்கும். பெயர் அப்படி இருந்தாலும் அது வறிய பிள்ளையின் படிப்புக்கு ஒரு கொடையாளர் மாதாமாதம் உதவுகிற திட்டம். பிள்ளைகளுக்குப் பொருந்துமா என்று கட்டாயம் கேளுங்கள், கிடைத்தால் நல்லது, ஆனால் பயிற்சிக் கட்டணத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அப்போ என்ன செய்வது? நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் போவது உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம், அதாவது நாம் மிட்வைஃப் என்கிறோமே அவரிடம். நான்கு வயதுப் பிள்ளை இன்னும் அவருடைய பதிவில் இருக்க வேண்டிய பிள்ளை. அக்காவின் வீட்டுப் பகுதியிலிருந்து உங்கள் பகுதிக்குப் பெயர் மாற்றினீர்களா? பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேடு, அந்தத் தடுப்பூசிப் புத்தகம், கையில் இருக்கிறதா? இல்லையென்றால் பயிற்சியைவிட அவசரம் அதுதான். பல வீடுகளில் சாவுக் குழப்பத்தில் அந்தப் புத்தகம் தொலைந்து, எந்த ஊசி போட்டது எது போடவில்லை என்று தெரியாமல் நின்றதைப் பார்த்திருக்கிறேன். மிட்வைஃப் வீட்டுக்கு வரும்போது வீட்டுப் பாதுகாப்பைப் பற்றி இலவசமாகவே சொல்லித் தருவார், கேட்டால். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் தாய்மாருக்கான வகுப்பு எப்போது என்று கேட்டு அதில் உட்காருங்கள். பெற்ற தாய்க்குத்தான் என்று யாரும் உங்களைத் திருப்பி அனுப்ப முடியாது.

முதலுதவிச் சான்றிதழே வேண்டுமென்றால் செஞ்சிலுவைச் சங்கத்தின் மாவட்டக் கிளையிலும் சென் ஜோன் அம்புலன்ஸ் பிரிவிலும் விசாரியுங்கள். தனியாகப் போய்க் கேட்டால் கட்டணம் சொல்லலாம். ஆனால் பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை உத்தியோகத்தர் மூலம் 'எங்கள் பிரிவில் இப்படிப் பிள்ளை வளர்க்கிற பதினைந்து, இருபது பேர் இருக்கிறோம், ஒரு நாள் வைத்துத் தாருங்கள்' என்று எழுதிக் கேட்டால் கதை மாறும். நான் இரண்டு முறை இப்படி ஒழுங்குபடுத்தியிருக்கிறேன், இரண்டு முறையும் மண்டபம் பிரதேச செயலகத்தினுடையது, ஆட்கள் தொண்டர்கள், செலவு தேத்தண்ணிக்கு மட்டும். வெளிநாட்டில் வேலைக்குப் போன மகளின் பிள்ளையை வளர்க்கிற அம்மம்மாமார் உங்கள் கிராமத்திலேயே எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள், இருபது பேரைச் சேர்ப்பது கஷ்டமில்லை.

அந்தத் தேத்தண்ணிச் செலவுக் கூட்டத்தில்தான் நான் பாடம் படித்தேன். அறிவித்தவர்கள் முப்பது பேர், வந்தவர்கள் பதினொரு பேர். வராதவர்களைப் பிறகு வீடு வீடாகப் போய்க் கேட்டால் ஒருவரும் கட்டணத்தைப் பற்றிப் பேசவில்லை, கட்டணமே இல்லையே! வயல் வெட்டுக் காலம், ஒரு நாள் கூலி போய்விடும். பிள்ளையைப் பார்க்க ஆளில்லை. வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரையிலிருந்து காலையில் எட்டரைக்கு வர வேண்டுமென்றால் பஸ் இல்லை. மண்முனைப் பாலம் 2014இல் திறந்த பிறகு அந்தப் பக்கத்து ஆட்களுக்குப் பாதை லேசாகிவிட்டது, முன்பு தோணிக்கும், 'பாதை' என்கிற மிதவைக்கும் காத்து நிற்க வேண்டும், ஆனால் பாலம் இருந்தால் போதுமா, பஸ்ஸும் வேண்டுமே. பயிற்சி 'இலவசம்' என்று நோட்டீஸ் அடித்தவர்கள் நாங்கள், அதற்கு வந்து போக அந்த மனிசிமார் எவ்வளவு இழக்க வேண்டியிருந்தது என்று ஒரு தரம்கூடக் கணக்குப் போடவில்லை. அடுத்த முறை கொக்கட்டிச்சோலையிலேயே, ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், பக்கத்து அறையில் பிள்ளைகளுக்கு வர்ணம் தீட்ட விட்டு வைத்தோம். இடம் போதாமல் போனது. அதனால்தான் சொல்கிறேன், நீங்கள் எழுதிக் கேட்கும்போது கட்டணத்தை மட்டும் கேட்காதீர்கள். பஸ் காசு, ஒரு நாள் கூலிக்கு ஈடு, பிள்ளை பார்க்க ஆள், இந்த மூன்றையும் எழுதுங்கள். கூலி ஈடு கிடைக்காது என்றுதான் நினைக்கிறேன், என்றாலும் எழுத்தில் கேட்டு வைத்தால் அடுத்த வருடத் திட்டம் போடுகிறவரின் மேசையில் அது இருக்கும்.

இன்னொன்று, தகவல் அறியும் உரிமை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். நன்னடத்தைத் திணைக்களத்தின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதலாம்: பிள்ளைகளைப் பொறுப்பெடுத்து வளர்க்கிறவர்களுக்குப் பயிற்சி கட்டாயம் என்று ஏதாவது சுற்றறிக்கை இருக்கிறதா, இருந்தால் பிரதி தேவை, இந்த வருடம் அப்படிப்பட்ட பயிற்சிக்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள், அதில் எவ்வளவு செலவானது. இவ்வளவுதான். 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று அவர் முடிவு சொல்ல வேண்டும். சண்டைக்குப் போகிற தொனியில் எழுதாதீர்கள். நன்னடத்தை உத்தியோகத்தரிடம் முன்கூட்டியே 'சேர், இப்படி ஒன்று எழுதப் போகிறேன், உங்களுக்கும் பயன்படும்' என்று சொல்லிவிடுங்கள். பல நேரம் அவர்களே காசு கேட்டுக் கிடைக்காமல் இருப்பவர்கள்தான், வெளியிலிருந்து ஒரு கடிதம் வந்தால் அவர்களுக்கும் அது கை கொடுக்கும்.

பயிற்சி வீணா என்று கேட்டால், நிச்சயம் இல்லை. எந்தப் பயிற்சி என்பதுதான் விசயம். சுனாமி நேரம் ஒரு நிறுவனம் மொழிபெயர்த்துக் கொடுத்த கைநூலில் புகை எச்சரிக்கைக் கருவியின் பற்றரியை எப்போது மாற்றுவது என்று ஒரு பக்கம் இருந்தது, தகரக் கொட்டிலில் இருந்த சனத்துக்கு! கிணற்றைப் பற்றி ஒரு வரி இல்லை. நம் வளவில் பிள்ளைக்கு என்ன ஆபத்து என்று நமக்குத்தான் தெரியும். கட்டில்லாத கிணறு, தோட்டத்துக்குத் தோண்டிய பூவல், மாரிக்கு வாவியும் வீதியும் ஒன்றாகிற நாட்கள். குடித்த சோடாப் போத்தலில் ஊற்றி வைத்த மண்ணெண்ணெய், வயலுக்கு அடிக்கிற மருந்து. மண்ணெண்ணெய் குடித்த பிள்ளையை வாந்தியெடுக்க வைக்கவே கூடாது, அது நுரையீரலுக்குள் போய்விடும், ஆனால் நம் ஆட்கள் முதலில் செய்வதே தொண்டைக்குள் விரல் விடுவதுதான். வேலியில் நிற்கிற மஞ்சள் அலரியின் காய் இதயத்தை நிறுத்துகிற நஞ்சு, நான்கு வயது மகள் இருக்கிற வீட்டில் அந்த மரத்தைத் தறித்துவிடுங்கள், பூ அழகுதான், பரவாயில்லை. நிலத்தில் பாய் போட்டுப் படுக்கிற பிள்ளையை இரவில் கட்டுவிரியன் கடித்தால் வலியே தெரியாமல் இருக்கலாம், விடியப் பிள்ளை வயிற்றுவலி என்று சொல்லும், கண்ணிமை தொங்கும், அப்போது விசக்கல், அதாவது நஞ்சை உறிஞ்சும் என்று கடிவாயில் வைக்கிற கல், தேடி ஓடாமல் ஆசுப்பத்திரிக்கு ஓட வேண்டும். நுளம்பு வலையை நான்கு பக்கமும் பாய்க்கு அடியில் செருகிக் கட்டினால் நுளம்புக்கும் காவல், பாம்புக்கும் காவல். காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் தவிர வேறு மாத்திரை கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

1990 என்ற இலக்கத்தை ஒன்பது வயது மகனுக்கு இன்றைக்கே சொல்லிக் கொடுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ், 2016இல் மேற்கிலும் தெற்கிலும் தொடங்கி இப்போது நாடு முழுக்க ஓடுகிறது, அழைப்பும் வண்டியும் இலவசம். வீட்டு விலாசத்தோடு பக்கத்துக் கோயிலின் பெயரையும் சொல்லப் பழக்குங்கள். பிள்ளைக்கு யாராவது கொடுமை செய்கிறார்கள் என்றால் 1929.

செய்து பழக வேண்டிய ஒன்று மட்டும் இருக்கிறது, அதற்காகத்தான் ஆள் வைத்துப் பயிற்சி வேண்டும் என்கிறேன்: மூச்சு நின்ற பிள்ளைக்கு நெஞ்சை அழுத்துவது. நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, நெஞ்சின் தடிப்பில் மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு, தனி ஆளாக இருந்தால் 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. இதை வாசித்து விளங்கிவிடலாம், கைக்கு வராது. பொம்மையில் அழுத்தி அழுத்தித்தான் வரும். ஆகவே எந்தப் பயிற்சியை ஒழுங்குபடுத்தினாலும் பொம்மை இருக்கிறதா, ஒவ்வொருவருக்கும் அழுத்த விடுவார்களா என்று முதலில் கேளுங்கள். படம் போட்டுக் காட்டிவிட்டுச் சான்றிதழ் தருகிற இடத்துக்கு 7,500 என்ன, 75 ரூபாயும் கொடுக்காதீர்கள்.

ஏதோ ஒரு காரணத்தால் நீங்கள் கட்டியே தீர வேண்டி வந்தால், உத்தரவில் கெடு போட்டிருந்தால் உதாரணமாக, கட்டுவதற்கு முன்பு நன்னடத்தை உத்தியோகத்தருக்கு ஒரு கடிதம் கொடுத்து, இன்ன காரணத்தால் சொந்தக் காசில் எடுக்கிறோம், மீளத் தர முடியுமா என்று கேட்டு, பெற்றுக்கொண்டதாக உங்கள் பிரதியில் கையெழுத்து வாங்குங்கள். பற்றுச்சீட்டை இருவர் பெயரிலும் தனித்தனியாக எடுங்கள். கட்டிய பிறகு கேட்டால் 'முதலே சொல்லியிருக்கலாமே' என்பார்கள்.

கணவருக்குப் பதிலாக நான் மட்டும் போனால் போதுமா என்றும் கடைசியில் கேட்டிருந்தீர்கள். சான்றிதழுக்கு ஒருவர் போதும் என்று சொல்லலாம், அதை உத்தியோகத்தரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் நீங்கள் கடைக்குப் போயிருக்கிற நேரத்தில் கிணற்றடியில் நிற்கப் போகிறவர் அவர்தான். ஞாயிற்றுக்கிழமை பின்னேரமாக ஒழுங்குபடுத்தச் சொல்லுங்கள், மேசன்மாருக்கு அன்றைக்கு வேலை குறைவு. பிள்ளைகள் இரண்டையும் கூட்டிக்கொண்டே போங்கள்.